தாய்ப்பால்: இருபது மணி நேரப் பாடம்

ஜூலை 8, திங்கள்

ஏழாவது செமஸ்டருக்கான எலக்டிவ் பட்டியலை இன்று போர்டில் ஒட்டினார்கள். நான்கு பாடங்கள்: வேலைக்குத் தயாராவது, ஆய்வுக் கட்டுரை எழுதுவது, மன அழுத்தத்தைக் கையாள்வது, தாய்ப்பாலூட்டல். ஒவ்வொன்றும் இருபது மணி நேரம். ஆளுக்கு ஒன்றுதான் எடுக்கலாம்.

போர்டுக்கு முன்னால் நின்ற எண்பது பேரில் எழுபது பேராவது முதல் பாடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். பயோடேட்டா எழுத, இன்டர்வியூவில் பேச, வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போட எல்லாம் அதில் சொல்லித் தருவார்களாம். நாற்பது பேருக்குத்தான் இடம். முந்தி வருகிறவர்களுக்கு முதலில்.

என் ரூம்மேட் ஆன்டோ மணப்பாட்டுப் பையன். கடலுக்குப் போகிற வீட்டிலிருந்து நர்ஸிங் படிக்க வந்தவன். "புதன்கிழம எட்டு மணிக்கு ஆபீஸ் தொறப்பாங்க. நாம ஆறரைக்கே போயி நிக்கணும்ல. தூங்கித் தொலச்சிராத" என்றான்.

துணி துவைத்தேன். மழை வந்து எல்லாம் நனைந்துவிட்டது. மறுபடி துவைக்க வேண்டும்.

ஜூலை 10, புதன்

வேலைக்குத் தயாராகும் பாடத்தில் இடம் கிடைக்கவில்லை. தாய்ப்பாலூட்டல்தான் கிடைத்தது. வேறு வழியில்லை.

ஆபீஸ் கிளார்க் படிவத்தில் என் பெயரை இரண்டு தடவை வாசித்தார். "செண்பகராஜ்னா... தம்பி, நீயேதானா?" என்றார். நானேதான் என்றேன்.

ஆன்டோவுக்கு இடம் கிடைத்தது. மத்தியானம் முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

கோவில்பட்டிக்கு வந்தேன். வளைகாப்பு முடிந்து அக்காவை இங்கே கொண்டுவந்து விட்டு மூன்று நாள் ஆகிறது. அத்தான் பாலமுருகன் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஷிப்ட் இல்லாத நாளில் வந்து போவார்.

எங்கள் வீட்டில் அம்மா கிடையாது. நான் பிறந்த பதினோராம் நாள் ஜன்னி கண்டு இறந்துபோனாள். அப்போது கோமதி அக்காவுக்கு எட்டு வயது. அதனால், தலைப்பிரசவத்துக்கு இங்கே வரப்போவதாக அக்கா சொன்னபோது அத்தானுடைய அம்மா, "தாயில்லாத வீட்ல ஒன்ன யாரும்மா பாப்பா?" என்று கேட்டிருக்கிறார். "எங்கப்பா பாப்பாரு. தம்பி இருக்கான்" என்றாளாம். அவளிடம் யாரும் இரண்டாவது தடவை கேட்க மாட்டார்கள்.

அப்பா டெய்லர். முன்னறைதான் கடை. பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துத்தான் எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினார். இன்று அவரே ஆட்டுக்கால் சூப் வைத்திருந்தார். அதில் மிளகு கூடிப்போய் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே குடித்தாள். ஆனாலும் நன்றாக இருக்கிறது என்று சொன்னாள்.

"ஏல ராசு, இந்தத் தடவ என்ன பாடம் எடுத்துருக்க?"

"குழந்த பராமரிப்பு மாதிரி ஒண்ணுக்கா."

"மாதிரின்னா?"

"மாதிரின்னா மாதிரிதான்."

பள்ளிக்கூடத்தில் என் ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தை அவள்தான் போடுவாள். இப்போதும் கணக்கு டீச்சர் மாதிரிப் பார்ப்பதை அவள் விடவில்லை.

ஜூலை 22, திங்கள்

முதல் வகுப்பு. முப்பத்தொரு பெண்கள், நான் ஒருவன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெபக்கனி மேடம் உள்ளே வந்ததும் முதல் வேலையாக என்னை முன் பெஞ்சுக்கு மாற்றினார். "ஒளிஞ்சு உக்காந்து படிக்கிற பாடம் இல்ல இது" என்றார்.

போர்டில் மூன்று விதிகள் எழுதினார். ஒன்று, குழந்தையின் வயிறு நிறைய வேண்டும். இரண்டு, தாயின் பால் வற்றாமல் காக்க வேண்டும். மூன்று, குழந்தைக்கு மார்பைப் பிடிக்கக் கற்றுத்தர வேண்டும். "வரிசைய மாத்தாதீங்க. மூணாவத முதல்ல கொண்டுவந்து புள்ளயப் பட்டினி போடுறவங்க நெறைய பேரு இருக்காங்க. நம்ம ஆளுங்கள்லயே இருக்காங்க."

குறிப்பெடுக்கும்போது என் காது இரண்டும் சூடாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நாளைய வகுப்புக்கு ஆளுக்கு ஒரு துணி மார்பு செய்துகொண்டு போக வேண்டும். அதை வைத்துத்தான் பிடிக்கும் முறையைச் செய்து காட்ட வேண்டும். ஹாஸ்டலில் பழைய சாக்ஸுக்குள் பஞ்சடைத்துத் தைத்துப் பார்த்தேன். கத்தரிக்காய் மாதிரி வந்தது. பேண்ட்டுக்குள் சுருட்டிப் பைக்கு அடியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். அப்பா மத்தியானம் கண்ணயரும்போது மெஷினில் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம் என்று திட்டம்.

குளித்துவிட்டு வந்தால் அது கட்டிங் டேபிள் மேல் இருக்கிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். துவைக்கப் போட என் பையைத் திறந்தாராம்.

"பரிட்சைக்கா?" என்றார்.

"ஆமாப்பா."

"மார்க்கு உண்டா?"

"உண்டு."

அதற்கு மேல் கேட்கவில்லை. சாக்ஸைப் பிரித்துத் தூரப் போட்டார். யூனிபார்ம் வெட்டியதில் மிஞ்சிய காப்பிப் பொடி நிறத் துணியில் வட்டம் வெட்டினார். நடுவில் வைக்க வெல்வெட் துண்டு தேடி எடுத்தார். நான்கு இடத்தில் டக் பிடித்து, கத்தரித்த துணிப்பிசிறை அடைத்து, ஓரத்துக்கு ஓவர்லாக் அடித்தார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். என் பக்கம் பார்க்காமலே நீட்டினார்.

"தையல் பிரியாது" என்றார்.

வகுப்பில் என்னுடையதுதான் முதலிடம் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

முதலிடம். மேடம் அதை ஷோகேஸில் வைக்கக் கேட்டார். பரீட்சை முடிந்ததும் தருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பிரசவ வார்டில் பயிற்சி. மூன்றாம் கட்டிலில் இருந்த பெண்ணின் அம்மா என்னைப் பார்த்ததும் சேலை முந்தானையை விரித்து மறைத்து நின்றுகொண்டார். "ஆம்பளப் புள்ளைக்கு இங்க என்னய்யா சோலி? அந்தப் பக்கம் போ."

போய்விட்டேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வராந்தாவில் நின்றபடி, என்னோடு வந்த பெண்ணிடம் பொம்மையை வைத்துச் சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவே வெளியே வந்தார். "புள்ள இப்ப பிடிச்சிருச்சு. தூங்கும்போது எழுப்பலாமா கூடாதான்னு எம் மக கேக்கா" என்றார். எழுப்பலாம் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். போகுமுன் ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பெண் குழந்தை. ஆபரேஷன். இரண்டு கிலோ தொள்ளாயிரம். இரண்டு பேரும் நலம். அப்பா போனில் இதை மூன்று தடவை சொன்னார். 

செப்டம்பர் 1, ஞாயிறு

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது எடை 2.690. முதல் வாரம் கொஞ்சம் இறங்கும், பயமில்லை. ஆனாலும் அக்காவின் முகம் சரியில்லை.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அத்தைதான் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார். என்னையும் அவர்தான் குளிப்பாட்டினாராம். குழந்தையைக் காலில் போட்டுத் தேய்த்தபடி, "ரொம்பச் சத்தங்காட்டாம கெடக்கே. இவன்லாம் தெருவையே கூட்டுவான்" என்று என்னைக் காட்டினார்.

சத்தம் போடாத குழந்தை நல்ல குழந்தை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அக்காவிடம் எப்படிக் கேட்பது? பால் கொடுக்கிறாயா, எத்தனை தடவை, வலிக்கிறதா என்று. வார்டில் முகம் தெரியாத பெண்களிடம் கேட்க முடிகிறது. வாய்வரை வந்தது. "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

காலை வகுப்பு முடிந்து பார்த்தால் அப்பாவிடமிருந்து ஆறு தடவை போன் வந்திருந்தது. அக்காவுக்குத் தையல் பிரிக்கப் போன இடத்தில் குழந்தையை எடை போட்டிருக்கிறார்கள். 2.560. பிறந்ததிலிருந்து முந்நூற்று நாற்பது கிராம் குறைவு. பத்தில் ஒரு பங்கு வரை இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. தாய்ப்பாலோடு பால் பவுடரும் கொடுங்கள், வெள்ளிக்கிழமை கொண்டுவாருங்கள், எடை ஏறாவிட்டால் அட்மிட் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து என் குறிப்பு நோட்டைப் படித்துக்கொண்டே போனேன். பக்கத்து ஸீட்காரர் படத்தைப் பார்த்துவிட்டு வேறு ஸீட்டுக்கு மாறினார்.

வீட்டில் பால் பவுடர் டப்பா பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாள் அத்தை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீயாவது சொல்லுய்யா. டப்பாவத் தொடவே விட மாட்டேங்கா. அண்ணன் சொல்லிப் பாத்துட்டாரு, மாப்ள போன்ல சொல்லிப் பாத்துட்டாரு. புள்ள வாடிப்போயிக் கெடக்கு."

அத்தையை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். குழந்தையின் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. காலையிலிருந்து இரண்டு துணிதான் நனைந்தது என்றார் அப்பா.

"அக்கா, டப்பாவ ஒடைக்கேன்."

"வேண்டாம்."

"ரெண்டு மூணு நாளைக்குத்தான். ஒம் பாலும் வரும். நான் பாத்துக்கிடுதேன்."

"டப்பாப் பால் வேண்டாம்னு சொல்லுதேம்லா!"

அவள் என்னிடம் இப்படிக் கத்தியதே இல்லை. வெளியே மெஷின் சத்தம் நின்றது. பிறகு மெதுவாக ஓடியது.

நான் தரையில் உட்கார்ந்தேன்.  அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒனக்கு நான் தண்ணி ஊத்திக் குடுத்தேன்ல."

எனக்குப் புரியவில்லை.

"அம்மா போனப்புறம் ஒனக்கு டப்பாப் பால்தான். அப்பா மெஷின்ல இருப்பாரு, பள்ளிக்கூடம் தொறக்குற சமயம். நாந்தான் கலக்கிச் சங்குல ஊத்துவேன். நாளாக நாளாக டப்பா கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. தீந்துபோனா நீயும் அம்மா மாதிரி போயிருவன்னு நெனச்சேன். யாரு சொன்னா அப்பிடி? யாரும் சொல்லல. நானா நெனச்சேன். அதான் ஒரு கரண்டி போடுற எடத்துல அரக் கரண்டி போட்டேன். அப்புறம் அதவிடக் கொறச்சேன். தண்ணிய ரொப்பிட்டேன்."

"சரி."

"என்ன சரி? ஒனக்கு வலிப்பு வந்துச்சு. கையும் காலும் இழுத்துச்சு. அப்பா ஒன்னத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனாரு. மூணு நா ஆஸ்பத்திரியில கெடந்த. ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். யார்ட்டயும் சொல்லல. ஒங்க அத்தான்ட்டகூடச் சொல்லல."

இருபத்தொரு வருஷம். இந்த வீட்டில் எனக்குத் தலை பின்னி விளையாடியவள், மூக்குச் சிந்திவிட்டவள், கையெழுத்துப் போட்டவள், இதை வைத்துக்கொண்டா நடமாடினாள்?

என்ன சொல்வது என்று பாடத்தில் இல்லை.

"இப்ப என் எட எழுபத்திரெண்டுக்கா" என்றேன். "நீ ஊத்துன தண்ணியோட சேத்து."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் தையல் போட்ட இடம் வலித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அழுது முடிக்கும்வரை குழந்தையை வைத்திருந்தேன். ஒன்பது நாள் குழந்தைக்குப் பாரமே இல்லை.

பிறகு டப்பாவை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். கொதித்து ஆறிய தண்ணீர், அளவு டம்ளர், சங்கு எல்லாவற்றையும் கழுவிக் கொண்டுவந்தேன்.

"நீயே கலக்கு" என்றேன்.

"நானா?"

"முப்பது மில்லி தண்ணிக்கு ஒரு கரண்டி. தலையத் தட்டி ஒரு கரண்டி. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். இன்னும் ரெண்டு டப்பா வாங்கிட்டு வரச் சொல்லி அத்தான்ட்டச் சொல்லியாச்சு. தீராது."

டப்பாவுக்குள் கரண்டியை விட்டு அள்ளினாள். கரண்டியின் தலையைக் கத்தியால் தட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். சரி என்றேன். கலக்கினாள். சங்கில் ஊற்றிக் கொடுத்தாள். குழந்தை முப்பது மில்லியையும் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று நாக்கை நீட்டியது.

செப்டம்பர் 5, வியாழன்

முதல் விதி நேற்று. இரண்டாவதும் மூன்றாவதும் இன்று.

காலையில் நேரடியாகவே கேட்டேன். பால் கட்டி வலிக்கிறது, காம்பு வெடித்திருக்கிறது, குழந்தை வாய் வைத்தால் உயிர் போகிறது, அதனால் இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடுகிறாள். எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். நானும் குனிந்துகொண்டே எழுதினேன். இரண்டு பேரும் வருமான வரி ஆபீஸில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

பையிலிருந்து துணி மார்பையும் பொம்மையையும் எடுத்தேன். அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அப்பா தையலு."

"ஆமா."

"அப்பாவா?" வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே அப்பா அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போவது கேட்டது.

வெதுவெதுப்பான துணி ஒற்றிக் கையால் பாலை எடுப்பது எப்படி, ஆபரேஷன் செய்தவர்கள் தையலில் படாமல் குழந்தையைக் கக்கத்துப் பக்கமாக இடுக்கிக்கொள்வது எப்படி, எல்லாம் பொம்மையில் காட்டினேன். பிறகு நடுவில் சேலையைக் கட்டித் திரை போட்டோம். நான் ஜன்னலைப் பார்த்து நின்றேன்.

"வாய நல்லா ஆன்னு தொறக்கட்டும். அதுவரைக்கும் குடுக்காத."

"தொறந்துட்டா."

"இப்ப அவளக் கொண்டா. நீ குனியாத, அவதான் ஒன்ட்ட வரணும். காம்பு மட்டும் வாய்க்குள்ள போகக் கூடாது, சுத்தி உள்ளதும் போகணும். தாட முட்டுதா?"

"முட்டுது. ஏல, வலிக்குது."

"சுண்டுவெரல ஓரத்துல விட்டு எடுத்துரு. மறுபடி."

நான்கு தடவை எடுத்து வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார். ஐந்தாவது தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா? வலிக்குதா?"

"இல்ல" என்றாள் மெல்ல. "இழுக்குது. வலிக்கல."

"சத்தங் கேக்கா? முழுங்குத சத்தம்?"

"பொறு."

நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஜன்னல்வரை கேட்டது. சின்னச் சின்னதாக, க், க் என்று. பாடத்தில் இந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது. கோவில்பட்டியில் எப்போதும் தூசிதான்.

செப்டம்பர் 6, வெள்ளி

2.640. எண்பது கிராம் ஏறியிருக்கிறது. அட்மிட் வேண்டாம் என்றார் டாக்டர். பவுடரை மெல்லக் குறைத்துக்கொள்ளலாமாம். அப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே அத்தானுக்குப் போன் போட்டு, கிராம் கணக்கைக் கிலோ என்று மாற்றிச் சொல்லிவிட்டார். அத்தான் பயந்துபோனார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

துணி துவைப்பது அப்பா. நனைந்த துணி எத்தனை என்று மெஷினுக்கு மேலே சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டு வைக்கிறார். புதன் மூன்று. வியாழன் ஐந்து. நேற்று எட்டு. யூனிபார்ம் அளவு கொடுக்க வந்த ஒருவர், "என்ன அண்ணாச்சி, ஆர்டரா?" என்றார். "ஆமா, பெரிய ஆர்டரு" என்றார் அப்பா.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே, யாரும் எதுவும் கேட்காதபோது, புதன்கிழமை நாங்கள் பேசியதை முன்னறையிலிருந்து கேட்டவர்போலச் சொன்னார்:

"ராசுவுக்கு வலிப்பு வந்த வருசம் இந்தத் தெரு முழுக்க வாந்திபேதி. தண்ணி சரியில்ல. எட்டுப் பிள்ளைக ஆஸ்பத்திரியில கெடந்துச்சுக. வாந்திபேதி முத்தித்தான் வலிப்புன்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரு."

அக்கா கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"அப்பா..."

"மத்தபடி நீ கலக்குன பால்ல ஒண்ணுமில்ல தாயி. நீ நல்லாத்தான் கலக்குன." அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒன்ட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணல. நீ இப்பிடி நெனச்சிக்கிட்டு இருப்பன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நெசமாவாப்பா?"

"நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்? அப்பளம் எடுத்துக்கோ."

அக்கா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் இப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. சாயங்காலம் குழந்தைக்குப் பாட்டுப் பாடினாள். குரல் கர்ண கடூரம். அப்பா கச்சேரி கேட்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பவுடரை நிறுத்தி இரண்டு நாள் ஆகிறது. 2.950. பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள்.

ஆன்டோ குழந்தையைப் பார்க்க வந்தான். கருவாடு கொண்டுவந்தான். கருவாடு குழம்பாகிக்கொண்டிருக்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அக்கா, இவன நம்பாதீங்க. அன்னைக்கி லைன்ல மூணாவதா நின்னான்க்கா. நான் நாலாவது. ஜன்னல் தொறக்கவும், ஏல, நீ முன்னால போன்னு என்னத் தள்ளிட்டு, இவனா போயி தாய்ப்பால்ல பேரு குடுத்தான். நான் ஒருநா முழுக்க இவங்கூடப் பேசல" என்றான்.

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது கொல்லையில் வேலை இருந்தது. போய்விட்டேன்.

ஆன்டோ நல்லவன். ஞாபகம்தான் சரியில்லை.

சாப்பிடும்போது என் தட்டில் மட்டும் நடுத்துண்டுகள் இரண்டு விழுந்தன.

செப்டம்பர் 25, புதன்

எலக்டிவ் பரீட்சை. செய்முறையில் ஐம்பதுக்கு நாற்பத்தேழு. மூன்று மார்க் ஏன் போனது என்று கேட்டேன். "தாய்கிட்டப் பேசும்போது கண்ணப் பாத்துப் பேசணும். நீ ஜன்னலப் பாத்துக்கிட்டுப் பேசுற" என்றார் ஜெபக்கனி மேடம்.

துணி மார்பு ஷோகேஸுக்குப் போய்விட்டது. கீழே அப்பா பெயரில் சீட்டு: செய்தவர் சங்கரலிங்கம், கோவில்பட்டி. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

குழந்தைக்கு ஏழு வாரம். மூன்று கிலோ தொள்ளாயிரம். கன்னம் இரண்டும் தொங்குகிறது. பெயர் இன்னும் முடிவாகவில்லை. அத்தான் ஒன்று சொல்கிறார், அவருடைய அம்மா ஒன்று சொல்கிறார், அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்கிறார். இப்போதைக்கு எல்லாருக்கும் அவள் குட்டி.

நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்வதற்கு என் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். டிரங்குப் பெட்டியைத் திறந்து ஃபைலை எடுத்தேன். அம்மாவின் ரேஷன் கார்டு போட்டோ, அக்காவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், வீட்டு வரி ரசீது. நடுவில் மஞ்சளாகிப்போன ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று. செண்பகராஜ், ஆண், இரண்டு மாதம். மூன்று நாள் உள்நோயாளி.

இங்கிலீஷில் நான்கு வரி, டாக்டர் கையெழுத்து. நான்காம் வருஷ மாணவனால் படிக்க முடிகிற கையெழுத்துதான். வாந்திபேதி என்று எங்கும் இல்லை. ரத்தத்தில் உப்பு மிகவும் குறைந்ததால் வலிப்பு. காரணம்: அளவுக்கு மேல் தண்ணீர் சேர்த்த பால். கடைசி வரியில், கலக்கும் முறை தந்தைக்கு விளக்கப்பட்டது.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

தந்தைக்கு விளக்கப்பட்டது. அப்படியானால் அன்றைக்கே தெரியும். அன்றிலிருந்து அவரே பாலைக் கலக்கியிருப்பார். எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். சீட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டியிருப்பார்.

"என்னல அது, ரொம்ப நேரமா வாசிக்க?" அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அருகில் வந்தாள். எட்டிப் பார்த்தாள். "ஒன் பேரு போட்டுருக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டா? அப்ப உள்ளதா?"

முன்னறையில் மெஷின் சத்தம் நின்றது.

"ஆமாக்கா. அப்ப உள்ளது."

"என்ன போட்டுருக்கு?"

ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.

"வாந்திபேதி. தண்ணி சரியில்லாம வந்ததுன்னு போட்டுருக்கு. அப்பா சொன்னதேதான்."

அக்கா சீட்டை வாங்கவில்லை.  குழந்தை ஏப்பம் விட்டது. "அடி ஏங் குட்டி!" என்று அதன் முதுகைத் தடவிக்கொண்டே கொல்லைப் பக்கம் வெயிலுக்கு நடந்தாள். போகிற போக்கில் இடது கையால் என் தலைமுடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

சீட்டை மடித்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். அப்பா ஒரு சட்டைக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஊசி துணியில் பாதி இறங்கி நின்றது. நான் சீட்டை நீட்டினேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சாப்ட்டுட்டுத்தான போவ?" என்றார்.

"ஆமாப்பா."

"சரி. உக்காரு. இந்தக் கையத் தச்சிட்டு வாரேன்."

அவர் மிதிக்கத் தொடங்கினார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, காஜா போட்ட சட்டைகளுக்கு ஒவ்வொன்றாகப் பட்டன் மாட்டிக் கொடுத்தேன்.